தொட்டியில் இறங்கும் முன்னே பிள்ளைகளிடம் முழுதும் சொல்லுங்கள்

ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவே, கம்பெனி பஸ்கள் ஷிப்ட் முடித்தவர்களை இறக்கிவிட்டுப் போகும் சாலையிலிருந்து உள்ளே நடந்தால் ஒரு காலனி வரும். (அரசு ஆவணங்களில் இனி 'காலனி' என்ற சொல் இருக்காது என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஷேர் ஆட்டோக்காரர்களுக்கு அந்த அறிவிப்பு இன்னும் வந்து சேரவில்லை.) அங்கே சனிக்கிழமை மாலையில் பத்தாவது முதல் பிளஸ் டூ வரை படிக்கும் பிள்ளைகளுக்கு நாங்கள் சிலர் பாடம் சொல்லித் தருகிறோம். கணக்கும் இங்கிலீஷும்தான் நடக்கும். நடுநடுவே வேறு கேள்விகளும் வரும். போன மாதம் பிளஸ் ஒன் படிக்கும் ஒரு பெண் எழுந்து நின்று கேட்டாள்.

"அண்ணா, ஞானஸ்நானம் எடுத்தா எஸ்.சி. சர்டிபிகேட் போயிடுமா?"

அறை அப்படியே அமைதியாகிவிட்டது. அவளையும் சேர்த்து அங்கே ஐந்து பேர், பரீட்சை முடிந்ததும் ஞானஸ்நானம் எடுக்க இருக்கிற பிள்ளைகள். நாலு ஞாயிறு ஆயத்த வகுப்பும் முடித்திருந்தார்கள். வகுப்பில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று விசாரித்தோம். மனந்திரும்புதல், கீழ்ப்படிதல், சாட்சியுள்ள வாழ்க்கை, சினிமா பார்க்கக்கூடாது, பொட்டு வைக்கக்கூடாது. கடைசி நாள் ஒருவர் குரலைத் தணித்துக்கொண்டு இன்னொன்றும் சொல்லியிருக்கிறார்: "இதை ஸ்கூல்லயோ தாலுக்கா ஆபீஸ்லயோ யார்கிட்டயும் சொல்ல வேணாம். பேரு எதுவும் மாத்த வேணாம். ஆண்டவருக்குத் தெரிஞ்சா போதும்."

அது எந்தச் சபை என்பது இங்கே முக்கியமில்லை. இந்தப் பகுதியில் பல சபைகளில் இதேதான் நடக்கிறது. சொன்னவர் கெட்டவரும் இல்லை. பிள்ளைகளின் படிப்பு கெடக்கூடாது என்ற அக்கறையில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அந்த ஒரு வாக்கியம் எங்களை ரொம்ப நாள் தூங்கவிடவில்லை.

எங்களைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். எங்களில் கைக்குழந்தையாக இருந்தபோதே தலையில் தண்ணீர் ஊற்றப்பட்டவர்கள் இருக்கிறார்கள். பௌத்தம் ஏற்றவர் ஒருவர் உண்டு. ஆடி மாதம் கூழ் ஊற்றுகிறவர்களும் உண்டு, கடவுளே கிடையாது என்பவரும் உண்டு. யாரையும் தொட்டியில் இறக்குவதோ இறங்காமல் தடுப்பதோ எங்கள் வேலை இல்லை. ஆனால் பதினாறு வயதுப் பிள்ளை ஒன்றைச் செய்யப்போகிறது என்றால், அது என்ன, அதனால் என்ன ஆகும் என்று அந்தப் பிள்ளைக்கு முழுதாகச் சொல்ல வேண்டிய கடமை பெரியவர்களுக்கு இருக்கிறது. ஆயத்த வகுப்புகள் இரண்டு விஷயத்தை விட்டுவிடுகின்றன. ஒன்று சாதி, மற்றொன்று சட்டம். தலித் பிள்ளைகளைப் பொறுத்தவரை இவ்விரண்டையும் விட்டுவிட்டால் ஞானஸ்நானத்தின் அர்த்தத்தில் பாதிக்கு மேல் போய்விடுகிறது.

அடுத்த சனிக்கிழமை கணக்கை ஓரமாக வைத்துவிட்டு, தண்ணீரிலிருந்து தொடங்கினோம்.

தண்ணீர் நமக்கு வெறும் தண்ணீராக என்றைக்கும் இருந்ததில்லை. யார் கிணற்றில் யார் இறங்கலாம், யார் குடத்தை யார் தொடலாம், டீக்கடையில் யாருக்கு எந்தக் கிளாஸ் என்பதுதான் இந்த நாட்டின் சாதிச் சட்டம். 1927 மார்ச் 20ஆம் தேதி மகாடில் அண்ணல் அம்பேத்கர் சவதார் குளத்தில் இறங்கித் தண்ணீரை அள்ளிக் குடித்தார். குடித்தது ஒரு கை தண்ணீர். அதற்குப் பிறகு சாதி இந்துக்கள் அந்தக் குளத்தைச் சாணமும் கோமியமும் ஊற்றிச் 'சுத்தம்' செய்தார்கள். தொண்ணூற்றைந்து வருஷம் கழித்து, 2022 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. இதைச் சொன்னபோது பிள்ளைகள் யாரும் ஆச்சரியப்படவில்லை. அவர்களுக்கும் தண்ணீர்க் கதைகள் இருந்தன. ஒரு பையன் தன் பாட்டி ஏரி மதகுக்குக் கீழே மட்டும்தான் துணி துவைக்க வேண்டும் என்றிருந்த காலத்தைச் சொன்னான். அந்த ஏரிக்குப் பக்கத்தில் இன்றைக்குக் கார் உதிரிபாகக் கம்பெனி நிற்கிறது.

இதையெல்லாம் பேசிவிட்டு யோர்தான் நதிக்குப் போனோம். யோவான் ஸ்நானகன் ஒரே ஆற்றில் எல்லோரையும் இறக்கினார். வரி வசூலித்து வயிறு வளர்த்தவர்களும் சிப்பாய்களும் ஏழைகளும் அதே தண்ணீரில்தான் இறங்கினார்கள் என்கிறது லூக்கா எழுதிய சுவிசேஷம். மேல்துறை, கீழ்த்துறை என்று அங்கே பிரிக்கவில்லை. அப்போஸ்தலர் நடபடிகளில் எத்தியோப்பிய அதிகாரி ஒருவர் வருகிறார். அண்ணகர். மோசேயின் சட்டப்படி சபைக்குள் சேர்க்கப்படாத உடம்பு அவருடையது. வழியில் தண்ணீரைக் கண்டதும், தான் ஞானஸ்நானம் பெறுவதற்கு என்ன தடை இருக்கிறது என்று பிலிப்புவிடம் கேட்கிறார். பிலிப்பு அவருடைய பூர்வீகத்தைக் கேட்கவில்லை. இருவரும் சேர்ந்து இறங்குகிறார்கள். தடை என்ன என்று ஒரு விலக்கப்பட்ட மனிதன் கேட்கும் அந்தக் கேள்வியை நம் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். வாசலில் நின்று அந்தக் கேள்வியைக் கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள்தானே அவர்கள்.

அதற்குப் பிறகு பவுல். கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குள் யூதன், கிரேக்கன் என்ற பேதமும் அடிமை, சுதந்திரவாளி என்ற பேதமும் ஆண், பெண் என்ற பேதமும் கிடையாது என்கிறார். ரோமருக்கு எழுதியதில் அந்தத் தண்ணீரைக் கல்லறையாகவே சொல்கிறார். பழைய ஆள் அதற்குள் செத்துப் புதைகிறான், எழுந்து வருவது வேறொரு ஆள். அடிமை வியாபாரம் கொழித்த ஒரு சாம்ராஜ்யத்தில், எஜமானையும் அடிமையையும் ஒரே தண்ணீரில் இறக்கி, இரண்டு பேரும் ஒன்று என்று சொல்வது சாதாரணப் பேச்சு இல்லை. அதை நம் மண்ணில் வைத்துச் சொல்வதானால், சாதி அந்தத் தண்ணீரில் செத்தாக வேண்டும். இதை நாலு ஞாயிறு வகுப்பில் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்றால், மீதி நேரத்தில் அந்தப் பிள்ளைகளுக்கு என்னதான் சொன்னார்கள்?

தெளிப்பதா முழுக்குவதா, குழந்தைக்கா பெரியவருக்கா என்ற சண்டைக்குள் நாங்கள் போகவில்லை. கத்தோலிக்கர்களும் சி.எஸ்.ஐ., லூத்தரன் சபையாரும் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு, பிள்ளை வளர்ந்ததும் உறுதிபூசுதல், திடப்படுத்தல் என்று தன் வாயால் சொல்லவைக்கிறார்கள். பெந்தெகொஸ்தேகாரர்கள் அறிந்த வயதில் முழுக்குகிறார்கள். எப்படிப் பார்த்தாலும் பதின்ம வயதில் பிள்ளை தானாக வாயைத் திறந்து சொல்லும் ஒரு நாள் வருகிறது. ஆதிக் கிறித்தவர்கள் அந்த நாளுக்கு மூன்று வருஷம் வரை ஆயத்தம் செய்ததாகப் பழைய ஒழுங்குநூல்கள் சொல்கின்றன. நாம் நாலு ஞாயிற்றில் முடித்துவிடுகிறோம்.

அப்போதுதான் பத்தாவது படிக்கும் பையன் ஒருவன் கேட்டான். "ஒரே தொட்டியில முங்கினப்புறம் கல்லறை மட்டும் ஏன்ணா ரெண்டு?" அவன் அம்மா தெற்கத்திப் பக்கம். ஊருக்குப் போனபோது பார்த்திருக்கிறான்.

அவனிடம் எதை மறைப்பது? உளுந்தூர்பேட்டை அருகே எறையூரில் 2008 மார்ச்சில் நடந்ததைச் சொன்னோம். ஒரே கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவர்கள்தான். தலித் கிறித்தவர்கள் சவ ஊர்வலத்துக்குப் பொதுவழியும், இழிவு தாங்க முடியாமல் தனிப் பங்கும் கேட்டார்கள். வன்னியக் கிறித்தவர்கள் எதிர்த்தார்கள். கலவரமும் போலீஸ் துப்பாக்கிச் சூடும் நடந்து இரண்டு பேர் செத்தார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் சாதிச் சுவர் நின்றதையும் அதை எதிர்த்து நடந்த போராட்டங்களையும் சொன்னோம். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில் திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டதற்கு நன்றி. ஆனால் அந்தக் கொள்கையைத் தங்கள் ஞாயிறு வகுப்பில் வாசித்ததாக ஒரு பிள்ளையும் எங்களிடம் சொன்னதில்லை.

ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் பிறந்த ஊர். எல்லாச் சாதியாருக்கும் தீட்சை உண்டு, பஞ்ச சமஸ்காரம் ஆனபின் அடியார் என்ற ஒரே அடையாளம்தான் என்ற பேச்சு இந்த மண்ணுக்கு ஆயிரம் வருஷப் பழசு. சடங்கில் சமத்துவம் கேட்டு நம் காது புளித்துவிட்டது. சடங்கு முடிந்த மறுநாள் தெருவில் என்ன நடக்கிறது என்பதை வைத்துத்தான் எந்தத் தண்ணீரையும் நாம் எடைபோடுகிறோம்.

இனி அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருவோம். சர்டிபிகேட் போயிடுமா? போகும். சுற்றிவளைக்காமல் சொல்லிவிட்டோம்.

1936இல் வெள்ளைக்காரன் போட்ட பட்டியல் சாதிகள் ஆணையிலேயே இந்தியக் கிறித்தவருக்கு இடமில்லை. சுதந்திரம் வந்து அரசியல் சட்டமும் வந்த பிறகு, 1950 ஆகஸ்ட் 10இல் குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து மதம் அல்லாத வேறு மதத்தை வெளிப்படையாகக் கொண்டவர் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள். 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறித்தவரும் முஸ்லிமும் இன்றும் வெளியே நிற்கிறார்கள்.

'வெளிப்படையாக' என்றால் என்ன? 1964இல் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொன்னது. அந்த வழக்கே பௌத்தத்தைப் பற்றியதுதான். பௌத்தம் ஏற்ற ஒருவர் பிறகு தனித்தொகுதியில் வென்றார். தன் மதத்தை ஊரறிய அறிவிப்பதுதான் அந்தச் சொல்லின் பொருள், இவர் பௌத்தர் என்று அறிவித்தவர், எனவே தனித்தொகுதியில் நிற்க முடியாது என்று தீர்ப்பு வந்தது. இதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுக் கேட்டோம்: ஞானஸ்நானம் என்பது என்ன? சபைக்கு முன்னால் தன் விசுவாசத்தை ஊரறியச் சொல்வது. ஆயத்த வகுப்பில் கொடுத்த தாளிலேயே அப்படித்தான் அச்சிட்டிருந்தது. ஆக, சபை எதை ஞானஸ்நானம் என்கிறதோ அதையேதான் சட்டம் மதமாற்றம் என்கிறது. அரசும் ஆலயமும் ஒரே செயலை ஒரே அர்த்தத்தில் புரிந்துகொள்ளும் இடம் இதுவாகத்தான் இருக்கும்.

சூசை வழக்கு பிள்ளைகளுக்கு நன்றாகப் புரிந்தது. மதராஸ் பட்டணத்தில் ரோட்டோரம் செருப்பு தைத்தவர். ஆதிதிராவிடக் கிறித்தவர். செருப்புத் தைக்கும் தொழிலாளர்களுக்கு இலவசப் பெட்டிக்கடை கொடுக்கும் திட்டம் வந்தபோது இந்துக்களாக இருந்தவர்களுக்குக் கிடைத்தது, இவருக்கு இல்லை. 1985இல் உச்ச நீதிமன்றம், மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்பது மட்டும் போதாது, கிறித்தவச் சமூகத்துக்குள்ளும் அதே அளவு கொடுமை நீடிக்கிறது என்று நிரூபிக்க வேண்டும் என்றது. ஒரு பெண் குறுக்கே கேட்டாள்: "அவரு தச்ச செருப்ப போட்டுக்கினு போனவங்க, இவரு கிறிஸ்டியனா இந்துவான்னு பாத்தாண்ணா ஒதுக்குனாங்க?" இதை அப்போதே அந்த நீதிமன்றத்தில் யாராவது கேட்டிருக்கலாம்.

புதிய வழக்குகளும் இருக்கின்றன. 2024 நவம்பர் 26இல் புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் மனுவை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இந்து வள்ளுவன் என்று சாதிச் சான்றிதழ் கேட்டவர். 1991 ஜனவரியில் கைக்குழந்தையாக அவருக்குத் தரப்பட்ட ஞானஸ்நானம் அவருக்கு எதிரான ஆதாரங்களில் ஒன்று. இடஒதுக்கீட்டுக்காக மட்டும் மதத்தைச் சொல்வது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்றது தீர்ப்பு. தன் வாயால் எதுவுமே சொல்லாத குழந்தையின் தலையில் யாரோ ஊற்றிய தண்ணீர் முப்பது வருஷம் கழித்து எழுத்தர் வேலைக்குக் குறுக்கே வந்து நின்றது. 2025இல் ஆந்திர உயர் நீதிமன்றம், பத்தாண்டுகளாகப் போதகராக இருப்பவர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுக்க முடியாது என்றது. சாதிப்பெயர் சொல்லித் திட்டுகிறவன் நம்மிடம் பைபிள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டா திட்டுகிறான்?

தேவிகுளம் கதை இன்னும் விசித்திரம். தமிழ்நாட்டிலிருந்து மூணாறுப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்குப் போன குடும்பத்தில் வந்த ஆ.ராஜா 2021இல் அந்தத் தனித்தொகுதியில் மார்க்சிஸ்ட் வேட்பாளராக வென்றார். தோற்ற வேட்பாளர் வழக்குப் போட்டார். நீதிமன்றத்துக்கு வந்தவை சி.எஸ்.ஐ. ஆலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடு, குடும்பப் பதிவேடு, அடக்கப் பதிவேடு, கல்யாணப் போட்டோக்கள். பதிவேட்டில் திருத்தியிருக்கிறார்கள் என்று சொல்லி 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் அந்த வெற்றியை ரத்து செய்தது. 2025 மேயில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி வெற்றி செல்லும் என்றது. முடிவு எதுவானாலும், ஒரு மனிதனின் வாழ்க்கையை இரண்டு நீதிமன்றங்கள் ஆலய ரிஜிஸ்டரை வைத்துப் புரட்டிப் பார்த்தன. நம் ஸ்ரீபெரும்புதூர் சட்டமன்றத் தொகுதியும் தனித்தொகுதிதான். நாளைக்கு எங்கள் வகுப்புப் பெண் ஒருத்தி அங்கே நிற்க நினைத்தால், எதிராளி முதலில் தேடிப்போவது அவள் பெயர் எழுதியிருக்கும் ரிஜிஸ்டரைத்தான்.

"ஆண்டவருக்குத் தெரிஞ்சா போதும்" என்றவருக்கு இது தெரியுமா?

எல்லாமே போய்விடும் என்று பயமுறுத்தவும் கூடாது. தமிழ்நாட்டில் மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். ஆதிதிராவிடர் நலத் துறையின் கல்வி உதவித்தொகைகள் பலவற்றில் அவர்களுக்கும் இடம் உண்டு. ஆனால் 18 சதவீதப் பட்டியலிலிருந்து வெளியே போய், 26.5 சதவீதத்தில் நிலமும் கடையும் வைத்திருக்கும் சாதிகளோடு மோத வேண்டும். தனித்தொகுதி கிடையாது. வன்கொடுமைச் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது. இந்தக் கணக்கைப் பிள்ளை தன் நோட்டில் எழுதிப் பார்க்க வேண்டும்.

இந்தப் பகுதியில் அந்தக் கணக்கு இன்னும் கனமாகிறது. இது பழைய செங்கல்பட்டு ஜில்லா. 1891இல் ஆட்சியர் டிரமென்ஹீர் பறையர்களின் நிலமற்ற நிலையை அறிக்கையாக எழுதியதும், அதற்கு முன்னும் பின்னும் ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற மிஷனரிகள் குரல் கொடுத்ததும், 1892இல் பஞ்சமி நிலம் வந்ததும் இந்த மண்ணில்தான். அந்த நிலத்தை மீட்கப் போராடித்தான் 1994இல் செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிக் குண்டுக்குச் செத்தார்கள். இன்று எங்கள் வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளில் நிலம் இல்லை. அப்பா காண்டிராக்ட் ஆள், அம்மா கேன்டீனிலோ ஹவுஸ்கீப்பிங்கிலோ. தனியார் கம்பெனியில் இடஒதுக்கீடு கிடையாது. தாத்தா காலத்து நிலமும் போய், அப்பா காலத்து நிரந்தர வேலையும் வராமல் போன வீட்டில் மிச்சமிருப்பது அந்த ஒரு காகிதம்தான். அதை மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிற அம்மாவிடம் போய், பரலோக ராஜ்யத்தில் சர்டிபிகேட் கேட்க மாட்டார்கள் என்று பேசுவது சுலபம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே கடை மாடிகளிலும் ஷீட் போட்ட கொட்டகைகளிலும் நடக்கும் ஆராதனைகளில் ஜார்க்கண்டு, ஒடிசாப் பையன்களும் வந்து உட்காருகிறார்கள். அவர்களில் பழங்குடியினர் உண்டு. பழங்குடிப் பட்டியலுக்கு மதத் தடை கிடையாது. அதே கொட்டகையில் அதே தொட்டியில் இறங்கி எழுந்தாலும் முண்டா பையனின் எஸ்.டி. சான்றிதழ் அப்படியே இருக்கும். நம் பெண்ணின் எஸ்.சி. சான்றிதழ் நனைந்துவிடும். பழங்குடிச் சகோதரனுக்கு இருப்பது சரி, இருக்கவே வேண்டும். நம் பெண்ணுக்கு ஏன் இல்லை என்பதற்கு இதுவரை எந்த அரசும் நேர்மையாகப் பதில் சொல்லவில்லை. 2004 முதல் இந்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் கிடக்கிறது. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் மதத் தடையை நீக்கச் சொன்னது. 2022 அக்டோபரில் கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள், இரண்டு வருஷக் கெடுவையும் நீட்டினார்கள். தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரல் 19இல் தீர்மானம் போட்டது. மூன்றாம் பத்தி அசையவில்லை.

எங்கள் கோபம் முதலில் அந்தப் பத்தியின் மேல்தான். அது பதினாறு வயதுப் பிள்ளையைப் பொய் சொல்லப் பழக்குகிறது. தன் வாழ்க்கையில் முதன்முறையாக நாலு பேர் முன்னால் எழுந்து நின்று, நான் இதை நம்புகிறேன் என்று சொல்லும் நாளிலேயே, வெளியே போய் இதைச் சொல்லாதே என்று கற்றுக்கொடுக்கிறோம். ஆலயத்தில் ஒரு பெயர், டி.சி.யில் ஒரு பெயர். கல்யாணப் போட்டோவை யாருக்கும் காட்டாதே. செத்தால் எங்கே புதைப்பது என்று இப்போதே யோசி. இப்படி வாழும் குடும்பங்களை 'கள்ளக் கிறித்தவர்' என்று இந்துத்துவக் கும்பல் கேலி செய்கிறது. கள்ளத்தனம் அந்தக் குடும்பங்களிடம் இல்லை, சட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கள்ளத்தனத்தை ஆயத்த வகுப்பின் கடைசிப் பாடமாக்கிக் கொடுக்கிற சபை, தன் சடங்கைத் தானே கேவலப்படுத்திக்கொள்கிறது.

எங்கள் தோழர்கள் சிலர் வேறு மாதிரி சொல்கிறார்கள். எதற்கு வம்பு, ஞானஸ்நானமே வேண்டாம், மனசில் நம்பிக்கொள்ளட்டும் என்று. நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அண்ணல் 1935 அக்டோபரில் இயோலாவில் மதம் மாறுவேன் என்று அறிவித்தார். 1956 அக்டோபரில்தான் மாறினார். இருபத்தொரு வருஷம் படித்தார், விவாதித்தார், எல்லா மதத்தையும் அலசினார். மாறியபோது லட்சக்கணக்கானவர்கள் முன்னால் இருபத்திரண்டு உறுதிமொழிகளை உரக்கச் சொன்னார். சலுகை போய்விடுமே என்று அவரோ அவரோடு வந்த மக்களோ ஒளியவில்லை. மத்தியப் பட்டியலில் அவர்களுக்கு இடம் கிடைக்க 1990 வரை ஆனது, முப்பத்துநாலு வருஷம் போராடினார்கள். நம் பிள்ளை சான்றிதழ் போனாலும் பரவாயில்லை என்று அறிந்தே முடிவெடுத்தால் அதையும் மதிப்போம். காத்திருக்கிறேன் என்றாலும் மதிப்போம். தெரியாமல் இறங்கியது என்று மட்டும் ஆகக் கூடாது.

2002இல் தமிழ்நாட்டில் ஒரு கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது ஞாபகமிருக்கலாம். சாதாரணமாக மூன்று வருஷத் தண்டனை, மாற்றப்பட்டவர் சிறுவராகவோ பெண்ணாகவோ பட்டியல் சாதி, பழங்குடியாகவோ இருந்தால் நாலு வருஷம். 2004இல் அதைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் அதன் மனசு இன்னும் பல மாநிலச் சட்டங்களில் உயிரோடு இருக்கிறது. தலித், பெண், பதினாறு வயது: இந்த மூன்றும் சேர்ந்தவளுக்குச் சொந்த புத்தியே இருக்க முடியாது என்பது அவர்கள் எண்ணம். எங்கள் வகுப்பில் அந்தப் பெண் கேட்ட கேள்வியைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அவளுக்கு முழு விவரம் சொல்லாமல் தொட்டிக்கு அழைத்துப்போகிற போதகரும் அந்தச் சட்டக்காரர்கள் நினைப்பதையே நினைக்கிறார்.

சபைகளிடம் நாங்கள் கேட்பது பெரிதில்லை. ஆயத்த வகுப்பில் ஒரு ஞாயிறு முழுக்கச் சாதியைப் பேசுங்கள். உங்கள் சபையில் யார் வீட்டில் யார் பெண் எடுப்பதில்லை என்பது உட்பட. இன்னொரு ஞாயிறு பெற்றோரையும் உட்காரவைத்துச் சட்டத்தைப் பேசுங்கள். அதற்கு ஒரு வக்கீலைக் கூப்பிடுங்கள், கைவசம் இல்லையென்றால் நாங்கள் அனுப்புகிறோம். தேதி குறித்துவிட்டோம், கேக் சொல்லிவிட்டோம் என்று பிள்ளையை நெருக்காதீர்கள். ரிஜிஸ்டரில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். ஆகஸ்ட் 10ஐக் கறுப்பு நாளாகத் தலித் கிறித்தவர்கள் மட்டும் நடத்திக்கொண்டிருக்கிறார்கள், மற்றவர்கள் அன்றைக்கு எங்கே போகிறீர்கள்? பள்ளியும் கல்லூரியும் நடத்துகிற பெரிய திருச்சபைகளுக்குத் தனியாக ஒன்று. உங்கள் தண்ணீரில் இறங்கியதால் 18 சதவீதத்தை இழந்த பிள்ளைக்கு உங்கள் கல்லூரியில் எத்தனை இடம் ஒதுக்கியிருக்கிறீர்கள்? எண்ணிக்கையை ஆலய அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுங்கள்.

எங்கள் ஐந்து பேரில் இரண்டு பையன்கள் எடுக்கப்போகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். ஒருவன் பள்ளி முடித்தபிறகு என்கிறான். ஒரு பெண் வாயே திறக்கவில்லை. கேள்வி கேட்ட பெண் இன்னும் முடிவு செய்யவில்லை. 1950 ஆணையின் அந்தப் பத்தியைத் தமிழில் எழுதித்தரச் சொல்லி வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். போதகரிடம் காட்டப்போகிறாளாம். அடுத்த சனிக்கிழமை அப்பாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றிருக்கிறாள். அவருக்கு அந்த வாரம் பி ஷிப்ட், மாற்றிக் கேட்டிருக்கிறார்.